சின்னப் பழுப்புப் பட்டாம்பூச்சிகள்: எதை வைத்துப் பிரிக்கிறீர்கள்?

புதுக்கேமரா:
வணக்கம் நண்பர்களே. ஜனவரியில் மலையடிவார ஓடைக்கரை ஒன்றில் எடுத்த நான்கு படங்களை இணைத்திருக்கிறேன். நான்கும் சின்னவை, நான்கும் பழுப்பு. படம் 1 சருகின் மேல் இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கிறது. பின்னிறக்கையில் வரிசையாகக் கண்புள்ளிகள், குறுக்கே ஒரு வெளிர் கோடு. படம் 2 புல்நுனியில். முன்னிறக்கையில் ஒரே ஒரு பெரிய கண்புள்ளி, அதற்குள் இரண்டு பொட்டு. படம் 3 பூவில் தேன் குடிக்கிறது, உடம்பு தடிமன், கண் பெரிது. படம் 4-இல் கண்புள்ளி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. சருகு நிறம், உற்றுப் பார்த்தால் சில பொட்டுகள் தெரிகின்றன.

படம் போட்டால் பெயர் சொல்லும் செயலியில் முதலில் போட்டுப் பார்த்தேன். படம் 1-க்கு ஒரு பெயர் வந்தது. அதே படத்தைக் கொஞ்சம் வெட்டிப் போட்டால் வேறு பெயர் வருகிறது. பெயரோடு, எந்த இடத்தைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள் என்பதையும் சொன்னால் அடுத்த முறை நானே முயன்று பார்ப்பேன்.

சருகுநடை:
முதலில் நிறத்தை ஒதுக்கி வையுங்கள். கூட்டைவிட்டுப் புதிதாக வந்தது கருப்புக்குப் பக்கமாக இருக்கும். சில நாள் பறந்து செதில் உதிர்ந்தால் வெளுத்துவிடும். நிழலில் எடுத்தால் ஒரு பழுப்பு, வெயிலில் எடுத்தால் இன்னொரு பழுப்பு. நிறத்தை நம்பி இந்தப் பூச்சிகளுக்குப் பெயர் வைத்தால் ஒரே பூச்சிக்குக் காலையில் ஒரு பெயரும் மாலையில் ஒரு பெயரும் வைப்போம்.

அடுத்து, இனத்துக்குப் போகும் முன் எந்தக் கூட்டம் என்று பார்க்க வேண்டும். உங்கள் நான்கு படங்களில் மூன்று கூட்டம் இருக்கிறது. 1-உம் 4-உம் புஷ்பிரவுன், அதாவது மைகாலெசிஸ் பேரினம். 2 ரிங் வகை, இப்திமா பேரினம். 3 ஸ்கிப்பர், அது குடும்பமே வேறு.

புஷ்பிரவுனும் ரிங்கும் நிம்பாலிடே குடும்பத்தின் சடிரினே பிரிவைச் சேர்ந்தவை. இவை நான்கு காலில்தான் நிற்கும். முன்கால் இரண்டும் சுருங்கி மார்போடு ஒட்டியிருக்கும். ஸ்கிப்பர் ஆறு காலிலும் நிற்கும். பக்கவாட்டில் எடுத்த படமாக இருந்தால் கால்களை எண்ணினாலே பாதி வேலை முடிந்தது.

நெல்வயலான்:
படம் 3 என் பேட்டை, அதை நான் எடுத்துக்கொள்கிறேன். ஸ்கிப்பரைப் பார்த்ததும் தெரிந்துகொள்ள இன்னும் எளிய வழி உணர்கொம்பு. மற்றப் பட்டாம்பூச்சிகளுக்கு நுனியில் குமிழ் இருக்கும். ஸ்கிப்பருக்கு அந்தக் குமிழைத் தாண்டி ஒரு கூர்முனை வளைந்து நிற்கும். இரண்டு உணர்கொம்புக்கும் நடுவே தலை அகலமாக இருக்கும். வெயில் காயும்போது புல் ஸ்கிப்பர்கள் முன்னிறக்கையைப் பாதி தூக்கி, பின்னிறக்கையைத் தட்டையாக வைத்து, போர் விமானம் மாதிரி உட்காரும். வேறெந்தப் பட்டாம்பூச்சியும் அப்படி உட்காராது. விரிவாகப் பிறகு எழுதுகிறேன். முதலில் புஷ்பிரவுன் பஞ்சாயத்து முடியட்டும்.

லென்ஸ்பித்தன்:
பஞ்சாயத்து எதற்கு? படம் 1 காமன் புஷ்பிரவுன். பெயரிலேயே காமன் இருக்கிறது. எங்கே போனாலும் அதுதான் கிடைக்கிறது.

சருகுநடை:
டார்க் பிராண்டட் புஷ்பிரவுனும் அதே ஓடைக்கரையில், அதே சருகில், அதே மாதத்தில்தான் கிடைக்கிறது. பெயரில் இல்லையே தவிர அதுவும் சர்வ சாதாரணம்.

புதுக்கேமராவுக்கு: தென்னிந்தியச் சமவெளியிலும் அடிவாரத்திலும் புஷ்பிரவுன் என்றால் பெரும்பாலும் மூன்று பெயர்தான் போட்டியில் இருக்கும். காமன் (மைகாலெசிஸ் பெர்சியஸ்), டார்க் பிராண்டட் (மைனியஸ்), லாங் பிராண்டட் (விசாலா). முதலாவதை மற்ற இரண்டிலிருந்து பிரிக்கப் பின்னிறக்கையின் அடிப்பக்கத்தில் ஒரே ஓர் இடம் போதும்.

இறக்கை மூடியிருக்கும்போது, வயிற்று நுனிக்கு அருகில் வரும் பின்னிறக்கையின் மூலையைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து மேல்நோக்கி முதல் நான்கு கண்புள்ளிகளை எண்ணுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும். அந்த நான்கு பொட்டுகளும் ஒரே நேர்கோட்டில் விழுந்தால் காமன் புஷ்பிரவுன். விழாவிட்டால் மற்ற இரண்டில் ஒன்று. வளையத்தின் வெளி விளிம்பை வைத்துக் கோடு போடாதீர்கள். இரண்டாவது கண்புள்ளி மற்றவற்றைவிடப் பெரியது என்பதால் விளிம்பு ஏமாற்றும். நடுப்பொட்டுதான் கணக்கு.

உங்கள் படம் 1-இல் கோடு போட்டுப் பார்த்தேன். நான்கும் நேராக விழவில்லை, தெளிவாகவே விலகல் தெரிகிறது. ஆகவே காமன் இல்லை.

லென்ஸ்பித்தன்:
படம் சாய்வாக எடுக்கப்பட்டிருக்கிறது. பூச்சியின் பின்பக்கம் கேமராவிலிருந்து தள்ளி இருக்கிறது. சாய்வில் எல்லாமே கோணலாகத்தான் தெரியும். இதில் கோடு போட்டு என்ன பயன்?

ஊதாக்கொடி:
கணக்குப் பாடம் எடுப்பவள் என்பதால் இதில் மட்டும் தலையிடுகிறேன். ஒரு தட்டையான பரப்பில் நேராக இருக்கும் நான்கு புள்ளிகள் எந்தச் சாய்விலிருந்து படம் எடுத்தாலும் நேராகத்தான் இருக்கும். சாய்வு இடைவெளிகளைக் குறைக்கும், கோணங்களை மாற்றும், வட்டத்தை நீள்வட்டமாக்கும். நேர்கோட்டை வளைக்காது. அதனால்தான் இந்தச் சோதனை மற்றப் பல சோதனைகளைவிட நல்லது. அளவை அளவோடு ஒப்பிடும் சோதனைகள்தான் சாய்வில் கெடும்.

வளைவு வரக்கூடிய இடம் ஒன்று உண்டு. இறக்கையே மடங்கியோ வளைந்தோ இருந்தால், புதிதாக வெளிவந்து இறக்கை இன்னும் விறைக்காமல் இருந்தால், கோடு பொய் சொல்லும். படம் 1-இல் அப்படி எதுவும் தெரியவில்லை.

லென்ஸ்பித்தன்:
சரி, கோட்டை ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் டார்க் பிராண்டட் என்று எழுதிவிடலாமா?

சருகுநடை:
அங்கேதான் சிக்கல். பெயரில் வரும் அந்த பிராண்ட் ஆண் பூச்சிக்கு மட்டும் உண்டு. மணச்செதில்கள் நெருக்கமாக அமைந்த ஒரு கரிய பட்டை அது. முன்னிறக்கையின் அடிப்பக்கத்தில், கீழ் ஓரத்தை ஒட்டி இருக்கும். பூச்சி இறக்கையை மூடி உட்கார்ந்ததும் அந்த இடத்தைப் பின்னிறக்கை மறைத்துக்கொள்ளும். புஷ்பிரவுன் பெரும்பாலும் மூடித்தான் உட்காரும். ஆக, மைனியஸையும் விசாலாவையும் பிரிக்க வேண்டிய அடையாளம் நூற்றுக்குத் தொண்ணூறு படங்களில் உள்ளே ஒளிந்திருக்கிறது.

விசாலாவுக்கு அந்தப் பட்டை நீளம் அதிகம். வறண்ட கால வடிவத்தில் முன்னிறக்கையின் நுனி வெட்டிவிட்டது போல் இருக்கும் என்பதும் ஓர் உதவி. ஆனால் நுனியின் வடிவத்தை ஒரே படத்தில் வைத்து முடிவு செய்வதை நான் தவிர்ப்பேன். நுனிதான் முதலில் தேயும், கிழியும்.

படம் 1-க்கு நான் எழுதுவது: மைகாலெசிஸ், மைனியஸ் அல்லது விசாலா. அதற்கு மேல் அந்தப் படம் பேசாது.

கேட்டுமட்டும்:
எப்போதும் படித்துவிட்டு மட்டும் போகிறவன், இன்று ஒரு கேள்வி. பூச்சியைப் பிடித்து முன்னிறக்கையை மெல்ல இழுத்துப் பார்த்தால் பிராண்ட் தெரிந்துவிடாதா? வலைதான் இருக்கிறதே.

ஊதாக்கொடி:
தம்பி, விரலில் ஒட்டும் தூள்தான் அதன் செதில். நீங்கள் பார்க்க நினைக்கும் பட்டையே செதிலால் ஆனது, இழுத்துப் பார்க்கும் முயற்சியில் அதுவும் போய்விடும். காட்டுப் பகுதியில் அனுமதி இல்லாமல் பிடிப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சிக்கலும் கூட. ஒரு பெயருக்காக அவ்வளவு தேவையில்லை. பறக்கத் தொடங்கும் நொடியில் தொடர்ச்சியாகப் படம் எடுத்தால் சில சமயம் முன்னிறக்கை முழுதும் விரிந்து கிடைக்கும். காலை வெயிலில் அரிதாக இறக்கையைத் திறந்து காய்வதும் உண்டு, ஆனால் அப்போது தெரிவது மேல்பக்கம். மேல்பக்கத்தில் இந்த மூன்றும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் பழுப்புதான், உதவாது.

புதுக்கேமரா:
இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை. படம் 4-உம் புஷ்பிரவுன் என்கிறீர்கள். அதில் கண்புள்ளியே இல்லையே? அதே கரையில், அதே நாளில் எடுத்தது. எப்படி ஒரே கூட்டம்?

சருகுநடை:
இதுதான் புஷ்பிரவுனில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ஒரே இனம் பருவத்துக்கு ஒரு சட்டை போடும். மழைக்கால வடிவத்தில் கண்புள்ளிகள் பெரிதாக, மஞ்சள் வளையத்தோடு பளிச்சென்று இருக்கும், குறுக்குக் கோடும் தெளிவாக இருக்கும். வறண்ட கால வடிவத்தில் கண்புள்ளிகள் சுருங்கி வெறும் பொட்டாகிவிடும், கோடு மங்கும், முழு இறக்கையும் காய்ந்த இலையின் நிறத்துக்கு வந்துவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு இனம் என்று யாரும் சத்தியம் செய்வார்கள். அந்தக் காலத்துப் பூச்சியியலாளர்கள் பலர் இப்படிப் பருவ வடிவங்களுக்குத் தனித்தனிப் பெயர்களே வைத்திருக்கிறார்கள்.

காரணம் புரிந்துகொள்ள எளிது. மழைக்காலத்தில் பச்சைப் புல்லுக்கு நடுவே பழுப்புப் பூச்சி எப்படியும் கண்ணில் படும். ஒளிவதைவிட, கொத்த வருவதை இறக்கை ஓரத்துக்குத் திருப்பிவிடுவது லாபம். கண்புள்ளி ஓரத்தில் இருப்பது அதற்குத்தான். ஓரம் கிழிந்தால் பூச்சி பிழைக்கும். கோடையில் தரை முழுக்கச் சருகு, அசையாமல் உட்கார்ந்தால் போதும், அப்போது பளிச்சென்ற கண்புள்ளி காட்டிக் கொடுக்கும்.

எது இந்தச் சட்டையை முடிவு செய்கிறது என்பதை ஆப்பிரிக்கப் புஷ்பிரவுன் ஒன்றில், பைசைக்ளஸ் அனினானா என்ற இனத்தில், விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். உயிரியலாளர் பால் பிரேக்ஃபீல்டும் அவரோடு வேலை செய்தவர்களும் அதைச் சோதனைச்சாலையில் பல தலைமுறை வளர்த்தார்கள். புழுவை 27 டிகிரி செல்சியஸில் வளர்த்தால் பெரிய கண்புள்ளி வருகிறது, 17 டிகிரியில் வளர்த்தால் சிறிய கண்புள்ளி வருகிறது. ஒரே தாயின் முட்டைகள்தான். புழுப் பருவத்தின் கடைசியிலும் கூட்டுப்புழுவாகும் வேளையிலும் உள்ள வெப்பம் எக்டைசோன் ஹார்மோன் வழியாக இறக்கையின் புள்ளி அளவை நிர்ணயிக்கிறது. இடைப்பட்ட வெப்பத்தில் வளர்த்தால் இடைப்பட்ட புள்ளி.

அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்விக்குப் பதில். இறக்கையில் தெரிவது நீங்கள் படம் எடுத்த நாளின் வானிலை இல்லை, புழுவாக இருந்தபோது அது பட்ட வானிலை. பருவம் மாறும் மாதத்தில், ஈர நிழலில் வளர்ந்தது ஒன்றும் வறண்ட புல்லில் வளர்ந்தது இன்னொன்றும் ஒரே நாளில் ஒரே கரையில் சந்திக்கும். ஜனவரி அதற்கு ஏற்ற மாதம்.

கேட்டுமட்டும்:
அப்படியானால் நம் ஊர்ப் புஷ்பிரவுனுக்கும் வெப்பம்தான் காரணமா? இங்கே மழைக்காலம்தான் குளிர்ச்சி, வறண்ட காலம்தானே சூடு?

சருகுநடை:
கூர்மையான கேள்வி. அந்த ஆப்பிரிக்க இனத்தின் வாழிடத்தில் மழைக்காலம் சூடு, வறண்ட காலம் குளிர்ச்சி. அதனால் வெப்பம் அங்கே நம்பத்தகுந்த குறிப்பாக வேலை செய்கிறது. எல்லா இடத்துக்கும் அதே கணக்கைத் தூக்கி வைக்க முடியாது. பகல் நீளம், ஈரப்பதம், புழு தின்னும் புல்லின் தரம் என்று வேறு குறிப்புகளும் பட்டாம்பூச்சிகளில் பருவ வடிவத்தை மாற்றுகின்றன. எந்த இனம் எதைக் கேட்கிறது என்பது இனத்துக்கு இனம் மாறும்.

லென்ஸ்பித்தன்:
அதெல்லாம் சரி, படம் 4-க்குப் பெயர்?

சருகுநடை:
கண்புள்ளி சுருங்கினாலும் நடுப்பொட்டின் இடம் மாறாது. ஆகவே நான்கு பொட்டுகளும் தெரிந்தால் அதே நேர்கோட்டுச் சோதனையை வறண்ட கால வடிவத்திலும் செய்யலாம். படம் 4-இல் கீழிருந்து இரண்டு பொட்டுதான் உறுதியாகத் தெரிகிறது, மூன்றாவது சந்தேகம். இரண்டு புள்ளி எப்போதுமே நேர்கோட்டில்தான் இருக்கும், ஊதாக்கொடி அக்கா ஒத்துக்கொள்வார். மைகாலெசிஸ் என்று பேரினத்தோடு நிறுத்துங்கள்.

லென்ஸ்பித்தன்:
இதுதான் எனக்குப் புரியவே இல்லை. பேரினத்தோடு நிறுத்தினால் அந்தப் பதிவால் யாருக்கு என்ன பயன்? இருப்பதில் வாய்ப்பு அதிகம் உள்ள பெயரை எழுதினால் பெரும்பாலும் சரியாகத்தானே இருக்கும்?

நெல்வயலான்:
பயன் இருக்கிறது. அந்த மாதத்தில் அந்தக் கரையில் ஒரு புஷ்பிரவுன் வறண்ட கால வடிவத்தில் இருந்தது என்பதே ஒரு தகவல். தவறான இனப் பெயரோடு போனால் அந்தத் தகவலும் கெட்டுவிடும். பெயர் சொல்லும் செயலிகள் எதை வைத்துக் கற்கின்றன? நாம் பெயர் எழுதிப் போட்ட படங்களை வைத்துத்தான். எல்லாரும் 'காமனாகத்தான் இருக்கும்' என்று எழுதினால் செயலியும் எல்லாவற்றையும் காமன் என்று சொல்லும். அதைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் காமன் என்று எழுதுவார்கள். படத்தை வெட்டினால் பெயர் மாறுகிறது என்று புதுக்கேமரா சொன்னாரே, அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்தது நேர்கோட்டுச் சோதனை இல்லை என்பது அதிலேயே தெரிகிறது.

லென்ஸ்பித்தன்:
பத்துப் பேரில் ஒன்பது பேர் பேரினத்தைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடுவார்கள், அதையும் சொல்லிவைக்கிறேன். மேலே போங்கள்.

ஊதாக்கொடி:
படம் 2-க்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதை நான் முடித்துவிடுகிறேன். நல்லவேளை அது சுலபம்.

இப்திமா எல்லாவற்றுக்கும் முன்னிறக்கையில் ஒரே பெரிய கண்புள்ளி, அதற்குள் இரண்டு நீல வெள்ளைப் பொட்டு. அடிப்பக்கம் முழுக்க மெல்லிய அலைக்கோடுகள், நெருக்கமாக. புஷ்பிரவுனில் அந்த அலைக்கோட்டு நெசவு இருக்காது. அளவிலும் ரிங் சிறியது, இறக்கை விரித்தால் 3 முதல் 4 செ.மீ. அளவுதான். புஷ்பிரவுன் 4 முதல் 5 செ.மீ. வரை வரும். பழக்கமும் வேறு. ரிங் வெயில் படும் புல்வெளியில் தரையோடு தத்தித் தத்திப் பறக்கும், பூவுக்கும் வரும். புஷ்பிரவுனுக்கு நிழலும் சருகும்தான் பிடிக்கும். பூவைவிட அழுகிய பழமும் மரத்தில் கசியும் சாறும்தான் அதற்குத் தீனி.

இனம் எது என்பதற்குப் பின்னிறக்கையின் அடிப்பக்கத்தில் வளையங்களை எண்ண வேண்டும். மேல் மூலையில் ஒன்று, பிறகு இடைவெளி, கீழே மூன்று என்றால் ஃபோர் ரிங். உங்கள் படத்தில் அப்படித்தான் இருக்கிறது. காமன் த்ரீ ரிங்குக்கு மூன்றுதான், அவையும் சிறியவை. காமன் ஃபைவ் ரிங்குக்கு வளையங்கள் இரண்டிரண்டாக வரும். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குட்டி இரட்டையை ஒன்றாக எண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஆறு வந்து குழப்பும்.

ஃபோர் ரிங்கிலும் இரண்டு இருக்கிறது. காமன் ஃபோர் ரிங், ஒயிட் ஃபோர் ரிங். இரண்டாவதற்குப் பின்னிறக்கையின் மேல்பக்கத்தில் பெரிய வெள்ளைப் பகுதி உண்டு, பறக்கும்போது பளிச்சென்று தெரியும். மூடிய இறக்கையிலும் பின்னிறக்கை வெளுப்பாகவே இருக்கும். உங்களுடையது முழுக்கப் பழுப்புச் சாம்பல், ஆகவே காமன் ஃபோர் ரிங், இப்திமா ஹூப்னெரி. பறந்தபோது வெள்ளை தெரிந்ததா?

புதுக்கேமரா:
இல்லை அக்கா, வெள்ளை எதுவும் இல்லை. நிச்சயமாக.

ஊதாக்கொடி:
அப்படியானால் முடிந்தது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், ரிங்குக்கும் வறண்ட கால வடிவம் உண்டு. அப்போது வளையம் பொட்டாகிவிடும், எண்ணுவது கடினமாகும்.

நெல்வயலான்:
இப்போது படம் 3. பழுப்பு ஸ்கிப்பர்களில் ஸ்விஃப்ட் என்ற கூட்டம் இது. ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட், ரைஸ் ஸ்விஃப்ட், ஸ்ட்ரெய்ட் ஸ்விஃப்ட், கன்ஜாயின்ட் ஸ்விஃப்ட், பிளாங்க் ஸ்விஃப்ட், பெயின்ட் பிரஷ் ஸ்விஃப்ட் என்று வரிசையாக நிற்கும். எல்லாம் பழுப்பு, எல்லாவற்றுக்கும் முன்னிறக்கையில் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் வெள்ளைப் புள்ளிகள். இவற்றின் புழுக்கள் எல்லாம் புல் இனங்களைத்தான் தின்னும், பல நெல்லிலும் வரும். அதனால் வயலில் பார்த்தேன், ஆகவே ரைஸ் ஸ்விஃப்ட் என்ற வாதம் செல்லாது. ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட்டும் அதே வயலில்தான் முட்டையிடும்.

நான் பார்க்கும் வரிசை இது. முதலில் பின்னிறக்கையின் அடிப்பக்கம். அங்கே புள்ளியே இல்லாமல் வெறுமையாக இருந்தால் கால்டோரிஸ் (பிளாங்க் ஸ்விஃப்ட்டின் பேரினம்) அல்லது பேயோரிஸ் (பெயின்ட் பிரஷ் ஸ்விஃப்ட்டின் பேரினம்). அந்தப் பாதையில் அடிப்பக்கப் படத்தை வைத்து வெகுதூரம் போக முடியாது. பேயோரிஸ் ஆணாக இருந்து, மேல்பக்கத்தில் பின்னிறக்கையின் கரிய முடிக்கற்றை தெரிந்தால் மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

புள்ளிகள் இருந்தால், அவை வெளிப்பக்கம் வளைவாக மட்டும் நிற்கின்றனவா, அல்லது அந்த வளைவுக்கு உள்ளே, இறக்கையின் நடு அறையில், அதாவது நரம்புகள் சூழ்ந்த நடு இடத்தில், தனியாக இன்னொரு புள்ளியும் இருக்கிறதா என்று பாருங்கள். நடு அறையில் புள்ளி இருந்தால் பெலோபிடாஸ் (ஸ்மால் பிராண்டட், கன்ஜாயின்ட் ஸ்விஃப்ட்களின் பேரினம்) பக்கம், இல்லாவிட்டால் ரைஸ் ஸ்விஃப்ட் பக்கம். இந்த ஒரு புள்ளியை வைத்துத்தான் பெரும்பாலான சண்டைகள் தீரும். சின்னப் பொட்டுதான், படம் கூர்மையாக இல்லாவிட்டால் காணாமல் போய்விடும்.

ரைஸ் ஸ்விஃப்ட், அதாவது போர்போ சினாரா, 1866-இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் பெயர் வைத்தது. இயற்கைத் தேர்வை டார்வினோடு சேர்ந்து முன்வைத்த அதே வாலஸ்தான். அவ்வளவு பெரிய ஆள் உட்கார்ந்து விவரித்த பூச்சியை நாம் 'ஏதோ பழுப்பு' என்று கடந்து போகிறோம்.

லென்ஸ்பித்தன்:
வாலஸ் இருக்கட்டும். படம் 3-இல் நடு அறைப் புள்ளி எனக்கே தெரிகிறது. ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட்தானே?

நெல்வயலான்:
புள்ளி தெரிகிறது, சரி. பெலோபிடாஸ் என்பது உறுதி. அளவு சிறியது, ஆகவே கன்ஜாயின்ட் ஸ்விஃப்ட் இல்லை, அது இந்தக் கூட்டத்தில் பெரிய உருவம், முன்னிறக்கை நடு அறையின் இரண்டு புள்ளிகளும் சேர்ந்தே இருக்கும். மிச்சம் இருப்பது ஸ்மால் பிராண்டட் ஸ்விஃப்ட்டும் அதன் இரட்டையான அப்ஸ்க்யூர் பிராண்டட் ஸ்விஃப்ட்டும். இரண்டையும் பிரிக்க முன்னிறக்கையின் மேல்பக்கம் வேண்டும். அதுவும் ஆணாக இருந்து, அந்தச் சாம்பல் நிற பிராண்ட் கோடு நன்றாகத் தெரிய வேண்டும். நடு அறைப் புள்ளிகளுக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள உறவை வைத்துத்தான் பிரிப்பார்கள்.

புதுக்கேமரா, இது தேன் குடித்துக்கொண்டிருந்தபோது மேலிருந்து எடுத்த படம் ஏதாவது இருக்கிறதா? மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

புதுக்கேமரா:
ஒன்று இருக்கிறது, அழிக்க வைத்திருந்தேன். படம் 5 என்று இணைத்திருக்கிறேன். இறக்கை பாதி திறந்திருக்கிறது.

நெல்வயலான்:
அழிக்காமல் விட்டதற்கு நன்றி. பிராண்ட் கோடு எதுவும் இல்லை, பெண். முன்னிறக்கையின் கீழ்ப்பகுதியில் கூடுதல் புள்ளிகள் இருப்பதும் பெண் என்பதோடு ஒத்துப் போகிறது. ஆக இதுவும் பெலோபிடாஸ் என்ற அளவில் நிற்கிறது. லென்ஸ்பித்தன் என்னைத் திட்டலாம்.

லென்ஸ்பித்தன்:
திட்டவில்லை. ஆனால் நான்கு படத்தில் ஒரே ஒரு முழுப் பெயர்தான் கிடைத்திருக்கிறது, அதுவும் ஃபோர் ரிங். நான் ஒரு நாளில் எடுக்கும் படங்களுக்கு இந்தக் கணக்கில் பெயர் வைத்தால் தொகுப்பில் பாதி 'மைகாலெசிஸ்' என்றே இருக்கும்.

சருகுநடை:
என் தொகுப்பில் பாதிக்கும் மேல் அப்படித்தான் இருக்கிறது. முழுப் பெயர் வேண்டுமென்றால் எடுக்கும் விதத்தை மாற்ற வேண்டும். ஓர் அழகான படம் எடுத்ததும் அடுத்த பூச்சிக்கு நகர்வதுதான் நம் எல்லாருக்கும் பழக்கம். பழுப்புப் பூச்சிக்கு அது போதாது. ஒரே பூச்சியோடு நின்று, மூடிய அடிப்பக்கம், மேலிருந்து, உணர்கொம்பு கூர்மையாக விழும்படி தலை, பறக்கும் நொடி என்று எவ்வளவு கிடைக்கிறதோ அவ்வளவும் எடுங்கள். கடைசி வகை பத்தில் ஒன்றுதான் தேறும். அந்த ஒன்றில் பிராண்ட் தெரிந்தால் வேலை முடிந்தது.

கேட்டுமட்டும்:
உணர்கொம்பு எதற்கு? அது ஸ்கிப்பரா இல்லையா என்று பார்க்க மட்டும்தானே?

நெல்வயலான்:
ஸ்கிப்பருக்குள்ளேயும் உதவும். ஸ்ட்ரெய்ட் ஸ்விஃப்ட்டின் பேரினமான பர்னாராவுக்கு உணர்கொம்பு குட்டை, முன்னிறக்கையின் மேல் ஓர நீளத்தில் பாதிகூட வராது. பின்னிறக்கை அடிப்பக்கத்தில் நடு அறைப் புள்ளி இல்லாமல் உணர்கொம்பும் குட்டையாக இருந்தால் ரைஸ் ஸ்விஃப்ட் என்று எழுதும் முன் பர்னாராவை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இது அளவுச் சோதனை, ஊதாக்கொடி சொன்ன சாய்வுப் பிரச்சினை இங்கே வரும். உணர்கொம்பு கேமராவை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தால் நீளமானதும் குட்டையாகத் தெரியும். உணர்கொம்பும் இறக்கை ஓரமும் ஏறக்குறைய ஒரே தளத்தில் கிடக்கும் படமாக இருந்தால் மட்டும் ஒப்பிடுங்கள்.

புதுக்கேமரா:
குறித்துக்கொண்டேன். படம் 1-க்கும் 4-க்கும் பதிவில் சரியாக எப்படி எழுதட்டும்? பட்டாம்பூச்சிப் படங்களைப் பதிவு செய்யும் தளத்தில் இனப் பெயர் இல்லாமல் விட இடம் கொடுக்கிறார்களா?

சருகுநடை:
பேரினத்தைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலான தளங்களில் வழி இருக்கிறது. படம் 1-க்கு 'மைகாலெசிஸ்' என்று கொடுத்துவிட்டு, குறிப்பில் 'கீழ் நான்கு கண்புள்ளிகள் நேர்கோட்டில் இல்லை, பெர்சியஸ் அல்ல, பிராண்ட் தெரியவில்லை' என்று எழுதுங்கள். படம் 4-க்கு 'மைகாலெசிஸ், வறண்ட கால வடிவம், பொட்டுகள் இரண்டு மட்டும் தெளிவு' போதும். தேதியும் வாழிடமும் சேருங்கள். படம் 3-ஐயும் 5-ஐயும் ஒரே பதிவில் போடுங்கள், தனித்தனியாகப் போட்டால் இரண்டு பூச்சி என்று எண்ணிவிடுவார்கள்.

புதுக்கேமரா:
போட்டுவிட்டேன். படம் 2-க்கு அதற்குள் ஒருவர் வந்து 'ஒயிட் ஃபோர் ரிங்' என்று மாற்றுப் பெயர் கொடுத்திருக்கிறார்.

ஊதாக்கொடி:
பறந்தபோது வெள்ளை தெரியவில்லை என்பதைக் குறிப்பில் சேர்த்தீர்களா? அவருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. சேர்த்துவிட்டு, எந்த இடத்தைப் பார்த்து அவர் ஒயிட் என்கிறார் என்று கேளுங்கள். இணைப்பைக் கொடுங்கள், நானும் வருகிறேன்.